கரிகாலனைக் கொன்றது யார்? ஒரு நிலப் பத்திரமும் ஓயாத விசாரணையும்

(கூரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கூரத்துக்கு அறக்கட்டளைச் சொற்பொழிவு புதிதில்லை. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதலாம் பரமேசுவரவர்மன் இவ்வூருக்குக் கொடுத்த செப்பேடு, இங்கே எடுத்த சிவன் கோயிலுக்கு வித்யாவிநீத பல்லவ பரமேசுவர கிருகம் என்று பெயர் சொல்கிறது. அதன் மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கு ஒரு பங்கும் ஒதுக்குகிறது. ஆக, மானியம் பெற்றுக்கொண்டு இந்த ஊரில் பழங்கதை பேசியவர்களின் வரிசையில் நான் பதின்மூன்று நூற்றாண்டுகள் பிந்தி வந்தவன். அதே செப்பேடு பெருவளநல்லூர்ப் போரையும் வருணிக்கிறது. சாளுக்கிய விக்கிரமாதித்தன் படையை இழந்து, கந்தலைப் போர்த்திக்கொண்டு தனியாளாக ஓடினானாம். அந்தப் பக்கத்துச் செப்பேட்டைப் படித்தால் கதை வேறு. 674ஆம் ஆண்டின் கட்வால் செப்பேட்டில் காஞ்சியைப் பிடித்தவன் அதே விக்கிரமாதித்தன்! பகை ஒன்று, வெற்றியாளர் இருவர். செப்பேட்டையும் கல்வெட்டையும் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறவர்கள் இதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் இன்று பேச எடுத்துக்கொண்டது ஒரு கொலை வழக்கு. பத்தாம் நூற்றாண்டில் நடந்தது. கொலையுண்டவன் சுந்தர சோழனின் மூத்த மகன், குந்தவைக்கும் அருள்மொழிக்கும் உடன்பிறந்தவன், ஆதித்த கரிகாலன். தமிழ்நாட்டில் ரேஷன் கடை வரிசையில் நிற்கும் பத்துப் பேரைக் கேட்டால் குறைந்தது ஏழு பேருக்கு இந்த வழக்கில் ஓர் அபிப்பிராயம் இருக்கும். 2022இலும் 2023இலும் இந்தக் கதையை வைத்து மணிரத்னத்தின் படங்கள் வந்த பிறகு அது பத்துக்குப் பத்தாகிவிட்டது. கல்லூரி மாணவர் உத்தம சோழன் என்பார். பக்கத்தில் இருப்பவர் ரவிதாசன் என்பார். மூன்றாமவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ராஜராஜனையே விசாரிக்கணும் சார்" என்பார். குரலைத் தாழ்த்துவதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஆயிரத்து நாற்பது ஆண்டுகளுக்கு முன் பட்டமேறியவர் பக்கத்து மேசையில் காபி குடித்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பு!

இந்த விசாரணையை நான் கேலி செய்ய வரவில்லை. எனக்கும் அதில் ருசி உண்டு. ஆனால் அதைச் செய்யும் முறையில் ஒரு கோளாறு இருக்கிறது. நாம் முதலில் குற்றவாளியைத் தேர்ந்தெடுக்கிறோம், பிறகு கல்வெட்டுக்குப் போகிறோம். கல்வெட்டோ நாம் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வதற்காக வெட்டப்பட்டதே இல்லை.

என்ன ஆதாரம் இருக்கிறது என்று பார்ப்போம். இளம் வயதிலேயே ஆதித்தன் வீரபாண்டியனோடு பொருதான், அவன் தலையைக் கொண்டான் என்று சோழர் ஆவணங்கள் பெருமைப்படுகின்றன. ராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு அந்தத் தலை ஊரில் வெற்றித் தூணாக நின்றதைச் சொல்லிவிட்டு, ஆதித்தன் விண்ணுலகம் காண விரும்பி மறைந்தான் என்று ஒரே மூச்சில் முடித்துக்கொள்கிறது. கொலை என்ற பேச்சே இல்லை. அடுத்து, குடிமக்கள் அருள்மொழியை அரசேற்கக் கேட்டார்கள், சிற்றப்பனுக்கு நாட்டின் மீது விருப்பம் உள்ளவரை தனக்கு அது வேண்டாம் என்று அவன் விலகி நின்றான் என்கிறது. அந்தச் சிற்றப்பன்தான் மதுராந்தகனாகிய உத்தம சோழன். 985 வரை ஆண்டான். அவனுக்குப் பின் அருள்மொழி ராஜராஜனாகப் பட்டமேறினான்.

கொலை என்று வாய்விட்டுச் சொல்லும் ஆவணம் வேறிடத்தில் இருக்கிறது. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரம் கோயில் சுவரில். கல்வெட்டுத் துறையினர் 1920இல் படியெடுத்து 577 என்று எண் கொடுத்தார்கள். நீலகண்ட சாஸ்திரி அதை எபிகிராபியா இண்டிகாவின் 21ஆம் தொகுதியில் பதிப்பித்தார். கூரத்து வைணவப் பெருமக்களுக்கு ஒரு தகவல்: அந்த ஊர்தான் அன்றைய வீரநாராயண சதுர்வேதிமங்கலம், நாதமுனிகள் பிறந்த அதே வீரநாராயணபுரம். திவ்வியப் பிரபந்தம் தொகுத்தவரின் ஊர்ச்சபைக்குத்தான் இந்தக் கொலை வழக்கின் ஓலை போய்ச் சேர்ந்தது.

கல்வெட்டு "ராஜகேசரி" என்ற அரசனின் இரண்டாம் ஆண்டில் தொடங்குகிறது. பெயர் இல்லை. சோழர்கள் மாறி மாறி ராஜகேசரி, பரகேசரி என்று பட்டம் சூடிக்கொண்டதால் இதில் யார் என்ற கேள்வி எழும். சுந்தர சோழனும் ராஜகேசரிதான். ஆனால் அவனுடைய இரண்டாம் ஆண்டில் மகன் உயிரோடு இருக்கிறான். உத்தமன் பரகேசரி. ஆகவே மிஞ்சுவது ராஜராஜன், ஆண்டு 986ஐ ஒட்டியது. கதையும் கற்பனையும் இல்லாமல், வெறும் விலக்கல் முறையில் எட்டிய முடிவு இது. என்னைக் கேட்டால், இந்த வழக்கில் நடந்த துப்பறியும் வேலையில் அழகானது இந்த ஒரு பத்திதான். ஒரு நாவலாசிரியரும் அதைத் தொடவில்லை என்பது வேறு விஷயம்.

அரசன் சபையாருக்கு அனுப்பிய ஓலையின் சாரம் இது. பாண்டியன் தலைகொண்ட கரிகாலனைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று சோமன், அவன் தம்பி ரவிதாசனாகிய பஞ்சவன் பிரமாதிராஜன், அவன் தம்பி பரமேசுவரனாகிய இருமுடிச்சோழ பிரமாதிராஜன், இவர்களோடு உடன்பிறந்த மலையனூரான் ஆகியோர் பெயர் வருகிறது. அதற்கப்புறம் வருவதுதான் நெஞ்சை அடைக்கும் இடம். இவர்களின் தம்பிமார், மக்கள், மனைவிமார், பெரியப்பன்மார், இவர்களுக்குப் பெண் கொடுத்த மாமன்மார், தாயோடு பிறந்த மாமன்மார், இவர்களின் சகோதரிகளை மணந்தவர்கள், மகள்களை மணந்தவர்கள் என்று போகிறது பட்டியல். அத்தனை பேர் உடைமையும் அரசுக்கு. விற்பனையை மேற்பார்க்கக் கொட்டையூரிலிருந்து ஒருவர், புள்ளமங்கலத்திலிருந்து ஒருவர்.

உங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அங்கே அச்சடித்திருக்கும் அத்தனை பேர் வீடும் நிலமும் போய்விட்டது என்று பொருள். அந்த மருமகன்களில் கொலை நடந்த அன்று பல் முளைக்காதவர்கள்கூட இருந்திருக்கலாம்.

இவ்வளவும் எதற்காகக் கல்லில் ஏறியது? குற்றத்தை உலகுக்கு அறிவிக்க என்று நினைப்போம். அப்படி இல்லை. அந்த நிலத்தில் ஒரு பகுதியை ஒருவர் விலை கொடுத்து வாங்கினார், அனந்தீசுவரத்தில் தண்ணீர் வைக்கவும் அந்தணர்க்குச் சோறிடவும் எழுதி வைத்தார். நிலம் இவர் கைக்கு எப்படி வந்தது என்று நாளைக்கு யாரும் கேட்கக்கூடாதல்லவா? அதனால் மூல ஆவணம் முன்னால் சேர்ந்தது. இன்று பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்ப்பது எதற்கோ அதற்குத்தான். சோழப் பேரரசின் மிகப் பெரிய கொலை வழக்குக்கு நமக்குக் கிடைத்திருக்கும் ஒரே நேரடிச் சாட்சியம் ஓர் அறக்கட்டளைப் பத்திரத்தின் முன்வரலாறு.

அதனால் அது சொல்லாதவை ஏராளம். கொலை எங்கே நடந்தது? சொல்லவில்லை. கடம்பூர் மாளிகை கல்கி தன் நாவலில் கட்டியது. எப்படிக் கொன்றார்கள்? சொல்லவில்லை. ஏன்? அதுவும் இல்லை. கொன்றவர்களுக்கு உடைமை போனதற்கு மேல் என்ன தண்டனை கிடைத்தது என்றுகூட இல்லை. பிராமணர்க்கு மரண தண்டனை கூடாது என்ற தரும சாஸ்திர மரபை வைத்து நாடு கடத்தியிருப்பார்கள் என்கிறார்கள். இருக்கலாம்.

இந்த வெற்றிடத்தில்தான் ஒவ்வொரு தலைமுறையும் தன் ஆளைக் கொண்டுவந்து உட்கார வைத்தது. 1950இல் கல்கி இந்தக் கதையைத் தொடராக எழுதத் தொடங்கியபோது பாண்டிய நாட்டு ஆபத்துதவிகளும், பழிவாங்கத் துடிக்கும் ஓர் அழகியும் வந்தார்கள். நந்தினி என்ற பெயரை எந்தக் கல்லும் அறியாது. கல்கி கைதேர்ந்த எழுத்தாளர். கொன்ற கை எது என்பதை விளக்கை அணைத்து மங்கலாக்கிவிட்டார். படித்தவர்கள் அந்த இருட்டை வரலாற்றின் இருட்டு என்று எடுத்துக்கொண்டார்கள். பிறகு மேடைப் பேச்சின் காலம் வந்தது. பிரமாதிராஜன் என்ற பட்டம் ஒன்றே போதும், பார்ப்பனச் சதி என்று தீர்ப்பாயிற்று. அதற்கு எதிர்வாதமாக, இவர்கள் நம் ஊர் அந்தணர்களே அல்லர், சேர நாட்டவர் என்றொரு கட்சி கிளம்பியது. ராஜராஜன் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச்சாலை வெற்றியை அதனோடு முடிந்து, அண்ணன் கொலைக்குத் தம்பி பழிதீர்த்த படையெடுப்பு அது என்றார்கள். காந்தளூரில் அவன் செய்தது என்ன என்பதிலேயே அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இப்போது நடப்பது வேறு காலம். அரசியல் குடும்பங்களின் வாரிசுப் போட்டியைத் தினமும் டிவியில் பார்க்கிறோம், அதனால் சந்தேகம் நேரே குடும்பத்துக்குள் போகிறது. தம்பி மேல், தங்கை மேல். ஆதித்தனைக் கொன்றவர் யார் என்பதைவிட, இந்தந்தப் பத்தாண்டில் தமிழன் யாரைக் கண்டு பயந்தான் என்பதற்கு இந்தப் பட்டியல் நல்ல ஆவணம்.

தொழில்முறை அறிஞர்களும் இதற்கு விலக்கில்லை. சாஸ்திரியார் உத்தம சோழனைச் சந்தேகித்தார். காரணம் எளிமையானது: ஆதித்தன் போனதால் அரியணை ஏறியவன் அவன், அவன் ஆண்டவரையில் துரோகிகள்மேல் நடவடிக்கை எடுத்ததாக ஆவணம் இல்லை, ராஜராஜன் வந்து இரண்டாம் ஆண்டில்தான் சொத்துப் பறிமுதலைப் பார்க்கிறோம். சதாசிவ பண்டாரத்தார் இதை மறுத்து உத்தமனை விடுவித்தார். குடவாயில் பாலசுப்ரமணியன் கல்வெட்டை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டாம் ஆண்டு என்பது நிலம் கைமாறிய விவகாரத்தின் ஆண்டு, தண்டனை கொடுத்த ஆண்டாக இருக்க வேண்டியதில்லை என்ற திசையில் வாதிட்டார். எனக்கு இந்த வாதம் ஏற்புடையதாகத் தோன்றுகிறது. பறிமுதலான சொத்து ஏலம் போக எத்தனை ஆண்டு ஆகும் என்பதை நம் ஊர் நீதிமன்ற வாசலில் நிற்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பலனடைந்தவன் யார் என்று கேள், குற்றவாளி கிடைப்பான் என்கிறார்கள். இந்தக் கேள்வியை நான் அதிகம் நம்புவதில்லை. ஆதித்தன் சாவால் உத்தமனுக்குப் பதினைந்து ஆண்டு கிடைத்தது. ராஜராஜனுக்கு அதைவிடப் பெரிய பரிசு கிடைத்தது, கொஞ்சம் தாமதமாக. பாண்டியருக்குப் பழிதீர்ந்த திருப்தி. எல்லாருக்கும் ஏதோ ஒன்று கிடைக்கத்தான் செய்தது. ஓர் இளவரசன் செத்தால் அரண்மனையில் யாருக்குப் பலன் இல்லை? உத்தமனுக்கு எதிரான வழக்கில் ஒரு தடங்கலும் இருக்கிறது. அவன் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் ராஜராஜன் ஆட்சியில் கோயில் கணக்குகளைத் தணிக்கை செய்யும் பொறுப்பான அதிகாரியாக வேலை பார்த்தான். உத்தமனின் தாய் செம்பியன் மாதேவி ராஜராஜன் காலத்திலும் மதிப்புக் குறையாமல் கோயில்களுக்குக் கொடை தந்துகொண்டிருந்தார். கொலையாளிகளின் மகள்களை மணந்தவன்வரை நிலத்தைப் பிடுங்கிய அதே ஆட்சிதான் இது. சூத்திரதாரி உத்தமன் என்று ராஜராஜன் நினைத்திருந்தால் அவன் மகனிடம் கோயில் கணக்கைக் கொடுத்திருப்பானா? கொடுக்க மாட்டான் என்று அடித்துச் சொல்ல முடியாது. அரசியலில் எதுவும் நடக்கும். ஆனால் பளு அந்தப் பக்கம் சாய்கிறது.

பஞ்சவன் என்ற பட்டத்துக்கு வருகிறேன். பஞ்சவன் என்றால் பாண்டியன். ஆகவே ரவிதாசன் பாண்டியனின் ஆள் என்பது மிகப் பரவலான வாதம். கேட்டவுடன் மனதில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அவன் தம்பியின் பட்டம் இருமுடிச்சோழ பிரமாதிராஜன். ஒரே வயிற்றில் பிறந்த இருவரில் ஒருவன் பாண்டியன் ஒற்றன், மற்றவன் சோழ அதிகாரியா? ராஜராஜனின் தேவியருள் ஒருவர் பெயர் பஞ்சவன் மாதேவி. அவருக்கு ராஜேந்திரன் எடுத்த பள்ளிப்படைக் கோயில் பட்டீசுவரத்துக்கு அருகில் இன்றும் இருக்கிறது. அவரையும் பாண்டிய ஒற்றர் பட்டியலில் சேர்ப்பீர்களா? தோற்ற அரசனின் பெயரை வென்றவன் வீட்டுப் பட்டமாக வைத்துக்கொள்வது அக்காலத்து வழக்கம். பிரமாதிராஜன் என்பது அரசன் தன் உயர் அதிகாரிகளுக்குத் தந்த பட்டம் என்றால், கொலையாளிகள் அரண்மனைக்குள் நடமாடியவர்கள் என்பதுவரை போகலாம். அதற்கு மேல் நான் போக மாட்டேன்.

காஞ்சிப் பக்கத்துக்காரர்கள் பலர் கவனிக்காத ஒன்று. உத்திரமேரூர் உட்பட இந்தத் தொண்டை மண்டலத்துக் கோயில்களில் பார்த்திவேந்திரவர்மன் என்பவனின் கல்வெட்டுகள் உண்டு. வீரபாண்டியன் தலைகொண்ட என்ற அடைமொழி அவனுக்கும் இருக்கிறது. அவன்தான் ஆதித்த கரிகாலன் என்கிறார்கள் சிலர். இல்லை, வேறொருவன் என்கிறார்கள் சிலர். அவன் கல்வெட்டுகள் பதின்மூன்றாம் ஆட்சியாண்டுவரை போகின்றன. இருவரும் ஒருவரே என்றால் ஆதித்தன் எப்போது பட்டமேறினான், எப்போது செத்தான் என்ற கணக்கு முழுவதும் அசையும். கொலையுண்டவன் யார் என்பதே முழுதாகத் தீராத வழக்கில் கொன்றவன் யார் என்பதற்கு நம்மிடம் நான்கு உறுதியான விடைகள் இருக்கின்றன!

இங்கே நெசவாளர்கள் இருப்பதால் ஒன்று சொல்கிறேன். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் சேரும் இடத்தை நீங்கள் மறைப்பதில்லை. அது தெரியத்தான் செய்யும், அதற்குத்தான் விலை. சான்று எங்கே முடிகிறது, ஊகம் எங்கே தொடங்குகிறது என்ற அந்த இணைப்பு தெரிகிற மாதிரி எழுதுகிறவர்களை நான் தொழில் எது என்று பாராமல் மதிப்பேன். சாஸ்திரியார் சந்தேகத்தைச் சந்தேகம் என்றே எழுதினார். அவரைப் படித்து எழுதியவர்களிடம் அது முடிவாக மாறியது.

ஆர்வலர்களால் பயனே இல்லை என்பது என் கட்சி இல்லை. பண்டாரத்தாரே பள்ளிக்கூடத் தமிழாசிரியராக இருந்துகொண்டு கோயில் கோயிலாகப் போய்க் கல்வெட்டுப் படித்தவர். இங்கிலாந்தில் மூன்றாம் ரிச்சர்ட் கதையைப் பாருங்கள். 1483இல் அவன் அண்ணன் மகன்கள் இருவர் லண்டன் கோபுரத்தில் காணாமல் போனார்கள். அவன்தான் கொன்றான் என்பது பாடப்புத்தகம். அவனுக்கு வக்காலத்து வாங்க 1924இல் ஒரு சங்கம் தொடங்கியது. 1951இல் ஜோசபின் டே என்பவர், ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு போலீஸ்காரர் அந்த வழக்கை மறுபடி விசாரிப்பதாக நாவல் எழுதினார். நம் கல்கி எழுதிக்கொண்டிருந்த அதே காலம். அந்த ஆர்வலர்களின் பிடிவாதம் கடைசியில் 2012இல் லெஸ்டர் நகரத்துக் கார் நிறுத்துமிடத்தைத் தோண்ட வைத்தது. ரிச்சர்டின் எலும்புக்கூடு கிடைத்தது, முதுகெலும்பு வளைந்திருந்தது உட்பட. பிள்ளைகளைக் கொன்றானா என்பது தீரவில்லை. ஆனால் அவர்கள் ஊகத்தோடு நிற்காமல் மண்ணைத் தோண்டினார்கள். நம் ஆர்வலர்களில் எத்தனை பேர் உடையார்குடிச் சுவரை நேரில் பார்த்திருக்கிறார்கள்? சிதம்பரத்திலிருந்து பஸ் இருக்கிறது.

கூரத்தில் நின்றுகொண்டு கூரத்தாழ்வான் பேச்சை எடுக்காமல் போனால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். கொலை இல்லை, ஆனாலும் அதுவும் தீராத வழக்குத்தான். ராமானுசருக்காகச் சோழன் சபைக்குப் போய்க் கண்ணை இழந்தவர் இந்த ஊர் மகான். அந்தச் சோழனைக் குருபரம்பரை நூல்கள் கிருமிகண்டன் என்கின்றன. வரலாற்றில் அவன் யார்? தில்லைக் கோவிந்தராசரை அகற்றிய பெயர் இரண்டாம் குலோத்துங்கனுக்கு உண்டு, ஆகவே அவன் என்று பலர் கைகாட்டுகிறார்கள். ஆனால் அவன் பட்டமேறியது 1133இல். மரபுப்படி ராமானுசர் பரமபதித்தது 1137இல். மேல்கோட்டையில் அவர் இருந்த நீண்ட காலத்தை அந்த நாலு வருடத்துக்குள் அடைக்க முடியாது. முதல் குலோத்துங்கன் என்றால் 1070 முதல் 1120 வரை நீண்ட ஆட்சி, காலம் இடம் கொடுக்கும். ஆனால் அவன் காலத்தில் திருவரங்கத்தில் கொடைக் கல்வெட்டுகள் தாராளமாக இருக்கின்றன. அதிராஜேந்திரன் என்றால் 1070இல் சில வாரமோ மாதமோ ஆண்டு மறைந்தவன், கால இடைவெளி மறுபக்கம் உதைக்கிறது. மூன்று பேரில் ஒருவருக்கும் சட்டை சரியாகப் பொருந்தவில்லை. நான் வாசித்த வைணவப் பெரியவர்கள் பலர் இந்தப் பெயர் தேடும் வேலையில் அக்கறை காட்டியதே இல்லை. அவர்களுக்கு ஆழ்வான்தான் முக்கியம். அந்தப் பார்வையில் ஒரு நாகரிகம் இருக்கிறது.

ஆயிரம் வருடத்துக்கு முந்தியவர்களைப் பற்றி எது பேசினாலும் மானநஷ்ட வழக்கு வராது. இதே பழக்கத்தோடு நாம் நேற்றைய வழக்குக்கும் போகிறோம், அங்கேதான் எனக்குச் சங்கடம். 1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் இந்துநேசன் ஆசிரியர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள், ஜூரி அவர்களைக் குற்றவாளிகள் என்றது. ஜூரி என்பதே நீதிமன்றம் தேர்ந்தெடுத்து உட்கார வைத்த ஆர்வலர்கள்தானே. வழக்கு பிரிவி கவுன்சில்வரை போய்த் திரும்பி 1947இல் இருவரும் விடுதலையானார்கள். விடுதலை தீர்ப்பை யார் படித்தது? பாகவதர் 1959இல் காலமாகும்வரை "அந்தக் கேஸ்" கூடவே வந்தது. அந்தக் காலத்துத் திண்ணைகளில் பேசிய தியரிகள் இன்றும் புத்தகங்களில் புதிது புதிதாக வருகின்றன. லட்சுமிகாந்தன் அடுத்தவர் அந்தரங்கத்தைத் தியரியாக்கி விற்றுப் பிழைத்தவர் என்பதை நினைத்தால், அவர் சாவின்மேலும் அதே வியாபாரம் நடப்பது வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் நடந்ததையும் சொல்லாமல் தாண்டிப் போக முடியாது. 2004 செப்டம்பர் 3 அன்று காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் மேலாளர் சங்கரராமன் கோயில் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அடுத்து வந்த ஆண்டுகளில் காஞ்சியில் அதைப் பற்றிப் பேசாத டீக்கடை இல்லை. வழக்கு புதுச்சேரிக்கு மாறியது. 2013 நவம்பர் 27 அன்று குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் நீதிமன்றம் விடுவித்தது. சட்டம் அதோடு தன் வேலையை முடித்துக்கொண்டது. டீக்கடை முடிக்கவில்லை. ஒரு கட்சிக்கு விடுதலையே சந்தேகத்துக்குச் சான்று. மறு கட்சிக்கு வழக்கே சதிக்குச் சான்று. இரண்டு பேரும் தீர்ப்பைப் படித்தவர்கள் இல்லை. இடையில் கொலையுண்ட மனிதரின் வீட்டார் இருக்கிறார்கள். யார் கொன்றார்கள் என்று அவர்களுக்கு இன்றுவரை எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. விடுதலையானவர்களின் வீட்டாரும் இருக்கிறார்கள். உடையார்குடிப் பட்டியலில் சகோதரியை மணந்தவன் நிலம் போனது அரசன் ஆணையால். இன்று அரசன் ஆணை தேவையில்லை. "அவங்க வீட்டுப் பெண்ணா?" என்று ஒருவர் கேட்டால் போதும், சம்பந்தம் நின்றுவிடும்.

அதனால் துப்பறியும் ருசி உள்ளவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது ஆதித்த கரிகாலன் வழக்கைத்தான். அங்கே யாருக்கும் சேதமில்லை, வேலையோ மலைபோல் கிடக்கிறது. பேச்சு முடிந்ததும் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும்: "அப்போ யார்தான் சார் கொன்னது?" கல்வெட்டு பெயரோடு சொல்லியிருக்கிறது, சகோதரர் நால்வரை. அந்தப் பதில் நமக்குச் சப்பென்று இருக்கிறது. அவர்களுக்குப் பின்னால் ஒரு பெரிய ஆள் இருந்தே ஆக வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். இருந்திருக்கலாம். அவரைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் தொடங்க வேண்டிய இடம் அரண்மனை இல்லை, அந்த நில விவகாரம்.

இளைஞர்கள் குறித்துக்கொள்ளுங்கள். ரவிதாசனும் பரமேசுவரனும் பிரமாதிராஜப் பட்டம் பெற்றது யார் ஆட்சியில்? உத்தமன் காலத்துக் கல்வெட்டுகளில் அவர்கள் அதிகாரிகளாகக் கையெழுத்திட்டிருக்கிறார்களா, அல்லது அந்த ஆண்டுகளில் காணாமல் போகிறார்களா? காணாமல் போனால் உத்தமன் அவர்களை அப்போதே விலக்கினான் என்று பொருள், சாஸ்திரியாரின் சந்தேகம் பாதி கரைந்துவிடும். பதவியில் தொடர்ந்திருந்தால் அந்தச் சந்தேகம் இரண்டு மடங்காகும். விற்பனையை மேற்பார்த்த கொட்டையூர்க்காரரும் புள்ளமங்கலத்துக்காரரும் வேறு ஆவணங்களில் வருகிறார்களா? வந்தால் எந்த அதிகாரியின் கீழ்? தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் அச்சேறியவற்றை ஊர்வாரியாகப் பிரித்துப் படித்தாலே சில ஆண்டு வேலை. அச்சேறாத மைப்படிகள் கல்வெட்டுத் துறையிடம் ஏராளமாக இருக்கின்றன. காட்டுமன்னார்கோயிலிலிருந்து தொடங்குங்கள், பிறகு கும்பகோணத்தை ஒட்டிய கொட்டையூருக்கும், தஞ்சைக்கு இந்தப் பக்கம் இருக்கும், அன்றைய புள்ளமங்கலமாகிய புள்ளமங்கைக்கும் போங்கள்.